மூன்று கன்னியாஸ்திரிப் பாறைகள்

— ரெண்டு பேருன்னு எழுதிக்கோங்கம்மா. ஆனா ஒருத்தர் பேசமாட்டாங்க.

— பேசற ஆளு, பேசாத ஆளுன்னு இந்த ஃபாரத்துல தனித்தனி கட்டம் கிடையாது தங்கம். ரெண்டுன்னே போடறேன். பேரு?

— ஹார்லன். வண்டிக்குள்ள கோவமா இருக்கிறவ என் பொண்டாட்டி ஓபல். நெப்ராஸ்காலேருந்து வர்றோம்.

— நான் பெர்னிஸ். வண்டிங்க வந்து தங்கற இந்த முகாமைப் பாத்துக்கிறவ. கக்கூஸ் கழுவறது, விதியைச் சொல்றது, சண்டைய வெலக்கறது, மூணும் நான்தான். வண்டி எத்தனை அடி?

— இந்த வீட்டு வண்டி, மோட்டார் ஹோம், மட்டும் முப்பத்திநாலு. பின்னாடி கோத்து இழுத்துட்டு வர்ற சின்ன காரையும் சேத்தா நாப்பத்தொம்பது.

— சரி, இங்க கையெழுத்துப் போடு. அங்க இல்ல தங்கம், அது என் கை.

— அடடா, மன்னிச்சுக்கோங்க. மனசு பூரா அந்தப் பக்கம் போயிடுச்சு. என்ன அழகான பாறை அது! ஒட்டகம் மண்டி போட்டு உக்காந்த மாதிரியே இருக்கு.

— எது?

— அதோ, அந்த மேட்டு மேல. திமில்கூட இருக்கே!

— அது பொம்பளைங்க கக்கூஸு. திமிலுன்னு நீ சொல்றது கூரை மேல இருக்கிற தண்ணித் தொட்டி.

— அப்படியா? நல்ல ரசனையோட கட்டியிருக்காங்க.

— ஓ, நீ பாறைப் பைத்தியமா! முன்னாடியே சொல்லக் கூடாதா? வருஷத்துக்கு நூறு பேர் வர்றீங்க இந்த யூட்டாவுக்கு. எதைப் பாத்தாலும் யானைங்கறீங்க, பிஷப்புங்கறீங்க. போன மாசம் ஒருத்தர் என் துணிக்கொடியப் பாத்துக் கன்னத்துல கை வெச்சுக்கிட்டாரு. சரி, உனக்கு எட்டாம் நம்பர் இடம். அந்த ரெண்டு செம்பாறைத் தூணுக்கு நடுவுல. ஒண்ணு பேரு சர்ச் டீக்கன், இன்னொண்ணு டீக்கன் பொண்டாட்டி. நான் வெச்ச பேருதான்.

— அவங்க எப்படி இருக்காங்க? கொஞ்சம் சொல்லுங்களேன்.

— எப்படின்னா? டீக்கனுக்குத் தொப்பை. தலை மேல தட்டையா ஒரு கல்லு. ஞாயித்துக்கிழமை தொப்பிய இன்னும் கழட்டாத ஆளு மாதிரி.

— ஆஹா! அந்தம்மா?

— இடுப்புல ஒரு கை வெச்சிருக்கா. "மறுபடியும் பிரசங்கத்துல தூங்கினியா?"ன்னு கேக்கற நிப்பு.

— எந்தக் கை? எடதா வலதா?

— நீயே பாரேன் தங்கம், இருபது அடி தள்ளித்தான் இருக்காங்க.

— நீங்க சொல்ற அழகே தனி, அதான்.

— கொஞ்சினது போதும். அந்தத் தூணு ரெண்டுக்கும் நடுவுல வண்டியப் பின்பக்கமா ஏத்தணும். அதுக்கு மொதல்ல காரைக் கழட்டணும். அப்புறம் உன் வீட்டுக்காரி பின்னாடி நின்னு கை காட்டணும். ரெண்டு பக்கமும் ஒரு முழம்தான் இடம்.

— அதான் விஷயமே. அவ எறங்கி வரமாட்டா.

— விதி ஏழு: பின்னாடி ஆள் நிக்காம யாரும் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. அங்க பாரு, பதினோராம் நம்பர்க்காரங்க மடக்கு நாற்காலியப் போட்டு உக்காந்தாச்சு. பன்னெண்டுல சோளப்பொரி பொரிக்கறாங்க.

— எதுக்கு?

— உங்களைப் பாக்கத்தான். புதுசா வர்ற புருஷன் பொண்டாட்டி ரிவர்ஸ் எடுக்கறதைவிட நல்ல நிகழ்ச்சி இந்தப் பாலைவனத்துல ஏது? டிவியும் எடுக்காது. போன வாரம் ஒரு ஜோடி முக்கால் மணி நேரம் எடுத்தாங்க. கடைசில அந்தம்மா ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு ஏரிப் பக்கம் நடந்து போயிட்டா. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க.

— ஐயோ பாவம்.

— இங்க ஏரியே கிடையாது, அதான் பாவம். சரி, உங்க சண்டை என்ன? சுருக்கமா சொல்லு, நான் இன்னும் ஆம்பளைங்க கக்கூஸ் கழுவல.

— இன்னிக்குக் காலைல மூணு கன்னியாஸ்திரிப் பாறைக்குப் போனோம். வழக்கம்போல நான் கேட்டேன், "ஓபல், இது எப்படி இருக்கு, சொல்லு"ன்னு. ஊர்லேருந்து கிளம்பின நாளா ஒவ்வொரு பாறைக்கும் சொல்லிட்டுத்தான் வந்தா. ஒண்ணு அடைகாக்கற கோழின்னா, ஒண்ணு மூக்கு ஒடஞ்ச கெட்டில்னா, ஒண்ணு அவங்க சித்தப்பா குளிச்சிட்டு வர்ற மாதிரின்னா. அவ்வளவு அருமையா சொல்லுவா. இன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா? "பாறை மாதிரி இருக்கு"ன்னா.

— பாறைதானே?

— நீங்களுமா பெர்னிஸம்மா!

— சரி சரி, மேல சொல்லு.

— "நல்லா பாரு"ன்னேன். "பெரிய பாறை"ன்னா. "பக்கத்துல இருக்கிறது?"ன்னேன். "அதுவும் பாறை"ன்னா. "மூணாவது?"ன்னேன். அவ்வளவுதான், விருட்டுன்னு போயி கதவை டமால்னு சாத்தினா. வண்டியே ஆடிப்போச்சு.

— எந்தக் கதவு?

— பின்னாடி படுக்கையறைக் கதவு. கோவம் வந்தா அங்கதான் போவா. கதவு கூட எனக்குப் பெருசில்லம்மா. போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னா. "நான் வீட்டுக்குப் போறேன் ஹார்லன். நீ உன் பாறைங்களோட குடும்பம் நடத்து"ன்னா.

— கோவத்துல எல்லாரும் சொல்றதுதான்.

— இல்லம்மா. நாப்பத்தொரு வருஷத்துல அவ அப்படிச் சொன்னதே இல்ல. சொன்னா செய்யற பொம்பளை. அவ போயிட்டா எனக்கு இந்தப் பயணமே முடிஞ்சுது. அவ இல்லாம என்னால ஒரு பாறையக்கூடப் பாக்க முடியாது.

— மூஞ்சியத் தொங்கப் போடாத. காலைல எத்தனை மணிக்கு அங்கேருந்து கிளம்பினீங்க?

— ஒம்பது.

— இப்ப மணி ரெண்டு. அங்கேருந்து இங்க அம்பத்தெட்டு மைல்தான். வண்டிய ஓட்டிட்டு வந்தியா, தூக்கிட்டு வந்தியா?

— எனக்கு முன்னாடி ஒரு பெரிய மஞ்சள் வண்டி போச்சு. நல்ல நிதானமான ஆளு. ரோட்டுக்கு நடுவுல, ஆடாம அசையாம ஓட்டறான். இந்தக் காலத்துல அப்படி யாரு ஓட்டறா? அவன் பின்னாடியே வந்துட்டேன்.

— மஞ்சள் வண்டியா? அது மண் ரோட்டை நிரவற மெஷின்! ஓட்டறவன் நம்ம க்ளைடு! அவன் இங்க கக்கூஸுக்கு வந்தான் தங்கம். அவன் பாட்டுக்கு ஜல்லிக் குழிக்குப் போயிருந்தான்னா நீயும் பின்னாடியே எறங்கியிருப்பியா?

— நல்ல டிரைவர் பின்னாடி போறதுல என்ன தப்பு? எனக்குப் பின்னாடி வந்தவன்தான் சரியில்ல. ஹாரன் அடிச்சான் பாருங்க, அப்படி அடிச்சான். பொறுமையே இல்லாத ஜனம். கையை வெளிய நீட்டி, முந்திப் போப்பா முந்திப் போப்பான்னு எத்தனை தடவை காட்டறது? கடைசில அவனே அலுத்துப்போயி நிறுத்திட்டான்.

— சரி, நகரு. உள்ள வந்து நான் பேசறேன். இதே முகாம்ல எழுவது ஜோடிய நான் சேத்து வெச்சிருக்கேன்.

— பிரிஞ்சவங்க எத்தனை பேரு?

— அதை நான் எண்ணல.

— செருப்ப வாசல்லயே விட்டுடுங்கம்மா. செம்மண்ணு உள்ள வந்தா ஓபலுக்கு ஆகாது. பாத்து, அங்க ஒரு படி இருக்கு.

— ம்ம், வீடு சுத்தமாத்தான் இருக்கு. இதுதானே படுக்கையறைக் கதவு? ஓபல், தங்கம்! நான் பெர்னிஸ், முகாமம்மா. உன் புருஷன் சாயம் போன துணி மாதிரி நிக்கறான். கொஞ்சம் வெளிய வா. சாயங்காலம் என் டிரெய்லர்ல பீன்ஸ் வேக வெச்சு சோள ரொட்டி சுடறேன், மூணு பேரும் சாப்பிடலாம். ஓபல்? மூச்சு விடற சத்தம்கூட இல்லையே.

— கோவமா இருந்தா மூச்சைக்கூட வீணாக்கமாட்டா.

— அப்ப நீ பேசு. சும்மா மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோன்னு சொல்லாத. கட்டினவளுக்கு மன்னிப்பு முக்கியமில்ல, விவரம் முக்கியம்.

— என்ன விவரம்?

— நீ என்னென்ன பண்ணினியோ அது.

— ஓபல்... உங்க அக்கா குடுத்த பீங்கான் தவளை இருந்துச்சே, வாசல்ல. அதை யாரும் திருடிட்டுப் போகல. நான்தான் அது மேல வண்டிய ஏத்திட்டேன்.

— நல்ல ஆரம்பம். மேல சொல்லு.

— பக்கத்து வீட்டு தபால் பெட்டியும் நான்தான்.

— ம்ம்.

— நீ பண்ணின உருளைக்கிழங்கு சாலட் கெட்டுப்போகல. வயோமிங்ல ஒரு நாய்க்குப் போட்டேன். நாயும் மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு.

— நாய் போனதைச் சொல்லியிருக்க வேணாம்.

— நீங்கதானே விவரம் கேட்டீங்க!

— விவரத்துக்கும் ஒரு அளவு இருக்கு தங்கம். பாறைக்கு வா.

— ஓபல், முப்பது வருஷம் கடைல ஆணியும் திருகாணியும் வித்தேன். கல்லாப்பெட்டிக்கு மேல அந்தக் காலண்டர் மாட்டியிருந்தது ஞாபகம் இருக்கா? மாசத்துக்கு ஒரு பாறை. கூட்டம் இல்லாத நேரமெல்லாம் அதைத்தான் பாத்துட்டிருப்பேன். ஒரு நாள் நாம ரெண்டு பேரும் இதையெல்லாம் நேர்ல பாக்கணும்னு. இப்ப வந்தும் சேந்துட்டோம். நீ "பாறை மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? இன்னும் ஒரே ஒரு வாரம் சொல்லிட்டு வா. கோழின்னு சொல்லு, சட்டின்னு சொல்லு, என் மூஞ்சின்னுகூட சொல்லு. அதுக்கப்புறம் வீட்டுக்கே போயிடலாம். நீ இல்லாம எனக்கு வேணாம் ஓபல்.

— ஓபல், இதுக்கு மேல ஒரு ஆம்பளைய எறக்க முடியாது. கதவைத் தெற தாயி. ...ஹார்லன், இவ உள்ள இருக்காளா?

— இல்லாம எங்க போவா? வர்ற வழில ஒருதடவை நிறுத்திட்டு எட்டிப் பாத்தேனே. நீலப் போர்வையப் போத்திக்கிட்டு, முதுகைக் காட்டிட்டுக் கட்டில்ல உக்காந்திருந்தா. நானும் தொந்தரவு பண்ணாம மூடிட்டேன்.

— நான் தெறக்கறேன், விலகு. ...தங்கம்.

— இன்னும் கோவமா?

— இது தலகாணி. ரெண்டு தலகாணி, ஒரு நீலப் போர்வை. பொண்டாட்டி இல்ல.

— நல்லா பாருங்க!

— நல்லாத்தான் பாக்கறேன். தலகாணிய நான் எத்தனை தடவை பாத்தாலும் அது தலகாணிதான்.

— குளியலறை?

— காலி.

— அலமாரிக்குள்ள?

— இந்த வயசுல எவ அலமாரிக்குள்ள போயி ஒளிவா?

— ஐயோ! அப்ப டமால்னு கேட்டது வெளிக்கதவு! எறங்கிப் போயிருக்கா! நான் பாட்டுக்கு வண்டியக் கிளப்பிட்டு வந்துட்டேன்! ஓபலைக் கன்னியாஸ்திரிங்ககிட்டயே விட்டுட்டு வந்துட்டேன்!

— பதறாத. ஃபோன் போடு.

— அவ ஃபோனு இங்கதான் அடுப்புக்குப் பக்கத்துல சார்ஜ்ல கிடக்கு. தொப்பியக்கூட எடுத்துட்டுப் போகல பாருங்க, இங்கயே தொங்குது!

— அது சல்லடை.

— அஞ்சு மணி நேரம் பெர்னிஸம்மா! அந்த வெயில்ல!

— அழாத. பெரிய வண்டி இங்கயே நிக்கட்டும். பின்னாடி காரைக் கழட்டறேன், அதுல போனா ஒரு மணி நேரம். வா வா வா.

— நீங்க ஓட்டறீங்களா?

— உன் காரு, நீ ஓட்டு.

— இந்த நெலமைல என்னால ஓட்ட முடியாது. நீங்களே ஓட்டுங்க.

— சரி, வந்து தொலை. அம்மாடி, என்ன மண்ணு! க்ளைடு கிளப்பின புழுதி மொத்தமும் இந்தக் கார் மேலதான். இது என்ன கலர்ல வாங்கினது?

— வெள்ளை. பாவம்மா அவ. இடுப்பு ஆபரேஷன் பண்ணி நாலு மாசம்தான் ஆகுது. ஒரு கல்லு மேல தனியா உக்காந்து என்னைத் திட்டிட்டிருப்பா.

— தங்கம்.

— தண்ணி பாட்டில்கூட இல்ல. பாம்பு வந்துச்சுன்னா? அவ பாம்பையும் திட்டுவா, அது வேற விஷயம். ஆனா—

— ஹார்லன், வாய மூடு. கார்க்குள்ள யாரோ உக்காந்திருக்காங்க.

— யாரு?

— தலைலேருந்து இடுப்பு வரைக்கும் செவப்பா. என்னையே முறைக்கறாங்க.

— எங்க?

— உன் மூக்குக்கு நேரா! ஜன்னல்கூட எறக்கித்தான் இருக்கு!

— இதா? இது புழுதி குவிஞ்சு கிடக்கு.

— புழுதியா? நான் புழுதிக் குவியலா ஹார்லன்?

— ஓபல்!

— தொடாத! அஞ்சு மணி நேரம். அம்பத்தெட்டு மைல். வைக்கோல் கட்டை இழுத்துட்டு வர்ற மாதிரி என்னை இழுத்துட்டு வந்திருக்க. ஒரு ஆமை நம்மளை முந்திப் போச்சு. போயி, நின்னு, திரும்பிப் பாத்துட்டுப் போச்சு.

— நீ எதுக்கு ஓபல் கார்ல ஏறின?

— வீட்டுக்குப் போறேன்னு சொன்னேனா இல்லையா? போறதுக்குத்தான் ஏறினேன். கதவைச் சாத்தி, பெல்ட்டைப் போட்டு, ஜன்னலை எறக்கினதுக்கப்புறம்தான் கொக்கிய இன்னும் கழட்டலைன்னு ஞாபகம் வந்துச்சு.

— கொக்கிய மொதல்ல கழட்டிட்டுத்தானே ஏறணும் தாயி?

— கோவத்துல வரிசை மாறிப்போச்சு. நீங்க யாரு?

— பெர்னிஸ். முகாமம்மா.

— சந்தோஷம். நான் பெல்ட்டைக் கழட்டிட்டு எறங்கறதுக்குள்ள இந்த மனுஷன் கிளப்பிட்டாரு.

— ஹாரன் அடிச்சிருக்கக் கூடாதா ஓபல்?

— அடிக்கலையா? பேட்டரி சாகற வரைக்கும் அடிச்சேன்! நீ கைய நீட்டி என்னை முந்திப் போகச் சொல்ற! உன் கொக்கில மாட்டியிருக்கறவ உன்னை எப்படி ஹார்லன் முந்திப் போறது? நடுவுல ஒருதடவை நிறுத்தினியே, அப்பவாவது பின்னாடி வந்து பாப்பன்னு இருந்தேன். தலகாணியப் பாத்துட்டுப் போயிட்ட.

— அப்ப இங்க வந்து நின்னதும் எறங்கியிருக்கலாமே தாயி?

— எறங்கத்தான் போனேன். அப்புறம் தோணிச்சு, நான் இல்லைங்கறது இவருக்கு எப்பத்தான் தெரியும்னு பாத்துடலாம்னு. அந்த நாற்காலிக்காரங்க வேற என்னைப் பாத்துக் கையாட்டினாங்க. ஒருத்தி வந்து சோளப்பொரி நீட்டினா.

— வாங்கிக்கிட்டியா?

— உப்பு பத்தல.

— ஓபல்... அப்ப நான் கதவுகிட்ட பேசினது?

— படுக்கையறை ஜன்னல் தெறந்துதான் இருக்கு. எனக்கும் அதுக்கும் நாலடி. தவளையக் கேட்டேன், தபால் பெட்டியக் கேட்டேன், உருளைக்கிழங்கையும் கேட்டேன்.

— நாய்?

— நாயையும் கேட்டேன். பெர்னிஸ், கொக்கியக் கழட்டுங்க. நான் நெப்ராஸ்காவுக்குப் போறேன்.

— பேட்டரி செத்துப்போச்சுன்னு சொன்னியே.

— உயிர் குடுக்கற ஒயர் உங்ககிட்ட இருக்குமில்ல?

— இருக்கு. ஆனா அதுக்கு ஒரு விதி இருக்கு.

— என்ன விதி?

— இரு, யோசிச்சுட்டிருக்கேன்.

— போகாத ஓபல்.

— ஏன் போகக் கூடாது? ஒரே ஒரு காரணம் சொல்லு. பாறை அழகா இருக்குன்னு மட்டும் சொல்லாத. எனக்கு அறுபத்தெட்டு வயசு ஹார்லன். தெனம் நாப்பது தடவை, "ஓபல், அது எப்படி இருக்கு? ஓபல், எதிர்ல வர்றது லாரியா பஸ்ஸா? ஓபல், அந்த போர்டுல என்ன போட்டிருக்கு?" நான் என்ன ரேடியோவா? ஆரம்பத்துல ஆசையாத்தான் சொன்னேன். கோழி தீந்துபோச்சு, கெட்டில் தீந்துபோச்சு, எங்க சித்தப்பா ரெண்டு தடவை வந்துட்டாரு. தலைக்குள்ள ஒண்ணும் மிச்சமில்ல. கனவுல ஒரு பாறை வந்து, "நான் எப்படி இருக்கேன், சொல்லு"ன்னு என்னைக் கேக்குது!

— நான் என்ன பண்ணட்டும் ஓபல்.

— முப்பது வருஷம் காலண்டரைப் பாத்து ஏங்கினது நீ. நான் இல்ல. இவ்வளவு தூரம் வந்தப்புறம் ஒரு பாறையவாவது நீயா நின்னு பாத்திருக்கியா? நான் பேசறப்ப என் மூஞ்சிப் பக்கம் திரும்பி, கண்ண மூடிட்டு நிக்கற! பாறை அந்தப் பக்கம் இருக்கு ஹார்லன்!

— தெரியும்.

— தெரிஞ்சா நீயே பாத்து நீயே சொல்லிக்க வேண்டியதுதானே! எதுக்கு என் உயிரை எடுக்கற?

— சொன்னா வண்டிச் சாவியப் பிடுங்கிடுவ. பயணத்தை நிறுத்திடுவ.

— அப்படி என்ன விஷயம்? சொல்லு.

— பெர்னிஸம்மா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா?

— நான் எங்கயும் போகமாட்டேன். அதுக்கும் விதி இருக்கு.

— ஹார்லன், கடைசித் தடவையா கேக்கறேன். இல்லைன்னா நான் கிளம்பறேன்.

— ஆறு மாசமா எனக்குக் கண்ணு சரியா தெரியல ஓபல்; நீ சொன்னாத்தான் எனக்கு அங்க ஒரு பாறையே இருக்கு.